பினாங்கில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்களுக்கு: சிஎம்இ உரைகளிலிருந்து முழுப் பலன் பெறுவது எப்படி

ஹவுஸ்மன்ஷிப் எனப்படும் பயிற்சி மருத்துவர் காலத்தின் முதல் வாரத்தில் சீனியர்கள் நிறையச் சொல்லித் தருவார்கள். ரத்தப் பரிசோதனைப் படிவம் எங்கே இருக்கும், எந்த வார்டில் எத்தனை மணிக்கு ரவுண்டு தொடங்கும், எந்த எம்ஓவை (மருத்துவ அதிகாரியை) நள்ளிரவிலும் தயங்காமல் கூப்பிடலாம் என்பதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிஎம்இ எனப்படும் தொடர் மருத்துவக் கல்வி உரைகள் பற்றி மட்டும் யாரும் உட்கார வைத்துப் பேசுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்து விழும். தலைப்பு, பேசுபவர் பெயர், நேரம், கருத்தரங்க அறை, அடியில் ‘அனைவரும் வரவும்’ என்று ஒரு வரி. போனால் புள்ளி, போகாவிட்டால் திட்டு என்ற அளவில்தான் பலர் மனதில் அது பதிகிறது.

அந்த ஒரு மணி நேரத்தை அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு பெரியாஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாலும், கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ இருந்தாலும், தீவில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் இருந்தாலும் வழி ஒன்றுதான்: வார்டிலிருந்து ஒரு கேள்வியோடு போங்கள், ஒரு நோயாளிக்காவது உதவும் ஒரு முடிவோடு வார்டுக்குத் திரும்புங்கள். கீழே உள்ளதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விவரம்தான்.

எதெல்லாம் சிஎம்இ

தொடர் மருத்துவக் கல்வி என்று தமிழில் சொன்னாலும், வேலையிடத்தில் எல்லோர் வாயிலும் ‘சிஎம்இ’தான். அந்த ஒரு பெயருக்குள் பல வகை உண்டு. துறைக்குள் வாரம்தோறும் நடக்கும் உரை, பல துறைகளும் சேர்ந்து கேட்கும் பெரிய உரை, ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பிரித்து மேயும் ஜர்னல் கிளப், இறப்புகளையும் சிக்கல்களையும் அலசும் எம் அண்ட் எம் கூட்டம், கைப்பழக்கப் பட்டறை, மாலையில் ஹோட்டலில் மருந்து நிறுவன ஆதரவில் நடக்கும் கூட்டம், ஜூமில் வரும் வெபினார். புதிதாக வந்தவர்கள் துறை உரையையும் எம் அண்ட் எம்மையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே பேசப்படுவது உங்கள் வார்டு, உங்கள் நோயாளிகள், நீங்கள் எழுதும் மருந்துச் சீட்டு. வெபினாரை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கைப்பழக்கப் பட்டறைகளில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். உயிர்காக்கும் முதலுதவி, மூச்சுக்குழாய் போடுவது, அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி ஏற்றுவது போன்றவற்றைப் பத்து உரை கேட்டாலும் கை கற்றுக்கொள்ளாது. 1999இல் ஜாமா இதழில் டேவிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று உண்டு. சும்மா உட்கார்ந்து கேட்கும் உரைகள் மருத்துவர்கள் வேலை செய்யும் விதத்தை மாற்றுவதாகத் தெரியவில்லை, கலந்து பேசிச் செய்துபார்க்கும் அமர்வுகளில்தான் மாற்றம் தெரிந்தது என்பது அதன் முடிவு. இதைப் படித்துவிட்டு உரைக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். உரையை நாமே கலந்து பேசும் அமர்வாக ஆக்கிக்கொள்ள முடியும். அதற்குக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும், அவ்வளவுதான்.

கிழமை பற்றி ஒரு சின்னத் தகவல். பினாங்கில் சனி, ஞாயிறு விடுமுறை. பக்கத்து மாநிலமான கெடாவில் வெள்ளி, சனி. சுங்கை பட்டாணியில் வேலை பார்க்கும் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நாள் பட்டறைக்குப் போக வேண்டும் என்றால் சனிக்கிழமைதான் இரு பக்கத்துக்கும் பொதுவான விடுமுறை. ரோஸ்டர் போடுபவரிடம் விடுப்புக் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

புள்ளிக் கணக்கு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஹவுஸ்மன் காலத்தில் உங்களுக்கு இருப்பது தற்காலிகப் பதிவு. முழுப் பதிவு கிடைத்தபின் ஒவ்வோர் ஆண்டும் மலேசிய மருத்துவ மன்றத்திடம் ஏபிசி எனப்படும் தொழில் செய்யும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அதற்குப் பிறகு சிபிடி எனப்படும் தொடர் தொழில் மேம்பாட்டுப் புள்ளிகளும் தொழில்முறைக் காப்பீடும் அந்தப் புதுப்பித்தலோடு சேர்ந்துகொண்டன. பொதுவான கணக்கு ஆண்டுக்கு 20 புள்ளி. அந்த ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதில்லை. ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. கணக்கு ஜூனிலேயே முடிந்துவிடுவதால், டிசம்பரில் அவசரமாக நான்கு வெபினார் பார்த்தால் இந்த முறைக்கு உதவாது என்பதை எம்ஓ ஆன பிறகுதான் பலர் உணர்கிறார்கள். விதிமுறைகளை மன்றம் அவ்வப்போது மாற்றும் என்பதால், புதுப்பிக்கும் முன் அவர்களுடைய அறிவிப்பை ஒரு முறை படித்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் புள்ளிகள் மைசிபிடி கணக்கில் ஏறும். மலேசிய மருத்துவச் சங்கத்துக்கும் மருத்துவக் கழகத்துக்கும் தனித்தனிப் பதிவு முறைகள் உள்ளன. பல இடங்களில் வாசலில் கியூஆர் குறியீடு, சில இடங்களில் இன்னும் கையெழுத்துத் தாள். எதுவானாலும் அன்றே செய்துவிடுங்கள், வாரக் கடைசியில் கணக்கைத் திறந்து புள்ளி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் கேட்டால் ஏற்பாட்டாளர் சரிசெய்துவிடுவார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்தத் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. உரை நிகழ்த்துபவருக்குக் கேட்பவரைவிடக் கூடுதல் புள்ளி உண்டு; அதற்கும் அழைப்புக் கடிதத்தையோ நிகழ்ச்சி நிரலையோ பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்

முதலில் வார்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறும் நோயாளியை விட்டுவிட்டு எந்த உரைக்கும் போக வேண்டாம். ஒரே வார்டில் இருக்கும் ஹவுஸ்மன்கள் காலையிலேயே பேசி, யார் இருப்பது யார் போவது என்று முறை வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் இருப்பவர் அடுத்த வாரம் போகட்டும். யார் போகிறார்கள் என்று எம்ஓவிடமும் தாதியிடமும் சொல்லிவிட்டால், உரை நடுவில் போன் அடித்துக்கொண்டே இருக்காது.

அப்புறம் கேள்வி. போஸ்டரில் தலைப்பைப் பார்த்ததும், அந்தத் தலைப்பில் வரக்கூடிய நோயாளி ஒருவர் இப்போது உங்கள் வார்டில் இருக்கிறாரா என்று யோசியுங்கள். தலைப்பு இதயச் செயலிழப்பில் புதிய மருந்துகள் என்றால், எட்டாம் கட்டிலில் கால் வீங்கிக் கிடக்கும் பெரியவர் இருப்பார். அவருக்கு என்ன மருந்து போகிறது? சிறுநீரகம் எப்படி? ரத்த அழுத்தம் எவ்வளவு? இந்த மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கேள்வி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ‘இவருக்கு இந்த மருந்தைத் தொடங்கலாமா?’ என்பதே போதும்.

நேரம் இருந்தால் அந்த நோய்க்கு நம் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டியில் ஒரு பக்கமாவது புரட்டுங்கள். சிபிஜி என்று நாம் சொல்லும் அந்த நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுருக்கக் கையேடும் உண்டு. பெரியவர்களுக்கான டெங்கு வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தது, இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஆறாம் பதிப்பு 2020இல் வந்தது. உரையில் கேட்பது இவற்றோடு ஒத்துப்போகிறதா, எங்கே விலகுகிறது என்று பார்க்கும் பழக்கம் ஹவுஸ்மன் காலத்திலேயே வந்துவிட வேண்டும்.

கேட்கும்போது எதைக் கவனிப்பது

எல்லாவற்றையும் எழுதாதீர்கள். ஸ்லைடு பெரும்பாலும் பின்னால் குழுவில் வந்துவிடும். நீங்கள் எழுத வேண்டியது மூன்று: உங்கள் கேள்விக்குக் கிடைத்த பதில், இதுவரை நீங்கள் செய்துவந்ததற்கு மாறாகச் சொல்லப்பட்ட ஒன்று, புரியாமல் போன ஒன்று.

எண்கள் வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள். உதாரணத்துக்கு அந்த இதயச் செயலிழப்பு உரையையே எடுத்துக்கொள்வோம். டாபாகிளிஃப்ளோசின் பற்றிப் பேசினால் 2019இல் வந்த டாபா-எச்எஃப் ஆய்வு கட்டாயம் திரையில் வரும். ஆபத்து 26 சதவீதம் குறைந்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அது ஒப்பீட்டு எண். அடியில் இருக்கும் உண்மை எண்களைப் பாருங்கள்: இதய நோயால் இறந்தவர்கள், இதயச் செயலிழப்பு மோசமானவர்கள் எல்லோரையும் சேர்த்து, மருந்து எடுத்தவர்களில் 16.3 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 21.2 சதவீதம். வித்தியாசம் 4.9. அதாவது ஏறக்குறைய 21 பேருக்கு ஒன்றரை ஆண்டு கொடுத்தால் ஒருவருக்கு அந்த நிலை வராமல் தடுக்கலாம். எட்டாம் கட்டில் பெரியவரின் மகள் ‘இந்த மாத்திரையால அப்பாவுக்கு என்ன பிரயோஜனம் டாக்டர்?’ என்று கேட்டால், இந்தக் கணக்கை வைத்துத்தான் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். 26 சதவீதம் என்று சொன்னால் அவருக்குப் புரியவும் புரியாது, சரியான படமும் கிடைக்காது.

இன்னொன்று, ஆய்வில் யாரெல்லாம் இருந்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை. டாபா-எச்எஃப்பில் மேல் ரத்த அழுத்தம் 95க்குக் கீழே இருந்தவர்களையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருந்தவர்களையும், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. உங்கள் துண்டுக் காகிதத்தில் எழுதிய மூன்று விவரங்களை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியவர் அந்த ஆய்வுக்குள் வரக்கூடியவரா? வருவார் என்றால் ஆய்வின் முடிவை அவருக்குப் பொருத்திப் பேசலாம். வரமாட்டார் என்றால், அவரைப் போன்றவர்களுக்கு வேறு ஆய்வு இருக்கிறதா என்பதுதான் நீங்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி கேட்பது

தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவர்களும், இந்தியாவிலோ இந்தோனேசியாவிலோ படித்துத் திரும்பியவர்களும் இங்கே கொஞ்சம் தயங்குவதைப் பார்க்கிறேன். அறையில் ஆங்கிலமும் மலாயும் கலந்து ஓடும், முன்வரிசையில் ஸ்பெஷலிஸ்டுகள் இருப்பார்கள். வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம். கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அதைப் படித்தே கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முதலில் நோயாளியை ஒரே வரியில் சொல்லுங்கள், அடுத்த வரியில் கேள்வியைக் கேளுங்கள், உட்காருங்கள். நீண்ட முன்னுரை வேண்டாம்.

நீங்கள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகளும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின் சேர்ந்த எஸ்ஜிஎல்டி2 வகை மருந்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு குறைந்து, உடலில் நீரும் வற்றினால் இந்த மருந்து எடுப்பவர்களுக்குக் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) வரலாம். சர்க்கரை அளவு அவ்வளவு ஏறாமலேயே வரும் என்பதால் எளிதில் தப்பவிட்டுவிடுவோம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தச் சொல்கிறார்கள். ரமலான் நோன்பு பற்றி உரையில் பெரும்பாலும் ஒரு ஸ்லைடு இருக்கும். தைப்பூச விரதம் பற்றி இருக்காது. தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கும் நம் ஆட்கள் வாரக்கணக்கில் ஒரு வேளை உணவோடு விரதம் இருக்கிறார்கள். பிறகு வெயிலில் வெறுங்காலோடு நடக்கிறார்கள், மலைப்படி ஏறுகிறார்கள். அவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் எத்தனையோ பேர். ‘விரதம் தொடங்குவதற்கு முன் இந்த மருந்தை என்ன செய்வது, வாந்தி வந்தால் என்ன சொல்லி அனுப்புவது, கால் மரத்துப்போனவர் வெறுங்காலோடு நடப்பதைப் பற்றி என்ன பேசுவது?’ என்று எழுந்து கேளுங்கள். பேசுபவரும் யோசிப்பார், அறையில் இருக்கும் மலாய், சீன நண்பர்களும் தங்கள் கிளினிக்கில் இனி விரதம் பற்றிக் கேட்பார்கள். நோயாளிகளின் வாழ்க்கையை உள்ளிருந்து தெரிந்தவர் என்பது அந்த அறையில் உங்களுக்கு இருக்கும் பலம்.

மாலைக் கூட்டங்கள்

கடலோர ஹோட்டலில் நல்ல சாப்பாட்டோடு நடக்கும் உரைகளுக்கும் போகலாம். சில நேரம் அங்கே பேசுபவர் துறையிலேயே சிறந்தவராக இருப்பார். முதல் ஸ்லைடிலேயே அவர் எந்த நிறுவனத்திடம் ஊதியம் பெறுகிறார் என்று சொல்கிறாரா பாருங்கள். மருந்தைப் பொதுப் பெயரில் சொல்கிறாரா, கம்பெனிப் பெயரில் சொல்கிறாரா, பக்க விளைவுக்கு எத்தனை ஸ்லைடு ஒதுக்கினார், விலை குறைந்த பழைய மருந்தோடு ஒப்பிட்டாரா என்பதைக் கவனித்தாலே போதும். அங்கே கேட்டதை மறுநாள் சிபிஜியோடு சரிபார்த்துவிட்டுத்தான் வார்டில் பயன்படுத்த வேண்டும். தீவுக்கு அக்கரையில் குடியிருப்பவர்கள் ஆன்-கால் முடிந்த மறுநாள் இரவு, பாலம் தாண்டி ஓட்டிக்கொண்டு இதற்காக வர வேண்டாம். தூக்கமில்லாமல் வண்டி ஓட்டுவது எந்தப் புள்ளிக்கும் ஈடாகாது.

உங்கள் முறை வரும்போது

ஒவ்வொரு போஸ்டிங்கிலும் (ஒரு துறையில் வேலை பார்க்கும் காலத்திலும்) உங்களைப் பேசச் சொல்லும் வாய்ப்பு உண்டு. ஹவுஸ்மன்ஷிப் இரண்டு ஆண்டு, ஆறு போஸ்டிங், ஒவ்வொன்றும் நான்கு மாதம். எனவே இதில் தேறிக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள். உங்களிடம் ‘டெங்கு’ என்று கொடுத்தால், கொசுவின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ‘காய்ச்சல் இறங்கிவிட்ட டெங்கு நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா?’ என்று வையுங்கள். உடனே உரைக்கு முதுகெலும்பு வந்துவிடும். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கி, ‘நல்லாயிட்டேன் டாக்டர், வீட்டுக்குப் போறேன்’ என்கிறார் ஒருவர். தட்டணுக்கள் வேகமாக இறங்குகின்றன, ஹேமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறது, வயிறு வலிக்கிறது. காய்ச்சல் இறங்கும் அந்தக் கட்டத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா கசியும் ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் தொடங்குகிறது என்பதை அந்த ஒரு நோயாளியை வைத்தே சொல்லிவிடலாம். இருபது எச்சரிக்கை அறிகுறிகளைப் பட்டியலிட்டால் கேட்பவர் மறந்துவிடுவார். அந்த ஆளை மறக்க மாட்டார்.

அரை மணி நேர உரைக்குப் பன்னிரண்டு, பதினைந்து ஸ்லைடு போதும். ஒவ்வொன்றிலும் ஒரே கருத்து. கடைசி வரிசையிலிருந்து படிக்க முடியாத அட்டவணையைப் போடாதீர்கள்; அதிலிருந்து வேண்டிய ஒரு வரியை மட்டும் பெரிதாக எழுதுங்கள். சீனியர் கொடுத்த பழைய ஸ்லைடை எடுத்துப் பயன்படுத்தினால் எண்களையெல்லாம் சரிபாருங்கள். நீரிழிவு உரைகளில் இது அடிக்கடி நடக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று வந்தது, 2023 ஆய்வில் 15.6 சதவீதம். பழைய எண்ணை ஆண்டு போடாமல் போட்டால், முன்வரிசையில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அடியில் ஆண்டை எழுதுங்கள், முடிந்தால் இரண்டையும் காட்டிப் பேசுங்கள்.

நோயாளியின் அடையாளத்தை மறைப்பதில் மிகக் கவனமாக இருங்கள். பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். எக்ஸ்ரே, சிடி படங்களின் மூலையில் பெயரும் எண்ணும் சிறிய எழுத்தில் இருக்கும். மைகார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். 07 என்றால் பினாங்கு. பாதி எண்ணை மறைத்துவிட்டு மீதியை விட்டால் பாதி ஆளைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் அர்த்தம். படத்தின் மேல் கறுப்புப் பெட்டி வைத்தால் ஸ்லைடைத் திறப்பவர் அதை நகர்த்திவிடலாம், எனவே படத்தையே வெட்டிச் சேமியுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் ‘நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பாம்பு கடித்த 47 வயதுக் கோயில் பூசாரி’ என்று எழுதினால் என்ன பயன்? அந்தப் பகுதியில் சொந்தக்காரர் உள்ள யாருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். நம் சமூகம் சிறியது, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு. ‘நாற்பதுகளில் ஓர் ஆண், வெளிவேலை செய்பவர்’ என்பது போதும். புண், காயம் போன்றவற்றைப் படம் எடுக்க வேண்டுமென்றால் முன்பே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், மருத்துவமனை விதிப்படி எடுங்கள். பாட்டியிடம் தமிழில் நன்றாக விளக்கிச் சொல்லாமல் வாங்கிய கைநாட்டைச் சம்மதம் என்று சொல்லக் கூடாது.

பேசுவதற்கு முந்தைய நாள் கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரு முறை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் நேரம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். நண்பர் ஒருவரை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அறையில் பதில் தெரியாத கேள்வி வந்தால், ‘சரியாகத் தெரியவில்லை டாக்டர், பார்த்துவிட்டுக் குழுவில் போடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு, அன்று மாலைக்குள் போட்டுவிடுங்கள். இப்படிச் செய்பவர்களை ஸ்பெஷலிஸ்டுகள் மறப்பதில்லை. ஊகித்துச் சொல்பவர்களையும் மறப்பதில்லை.

எம் அண்ட் எம் கூட்டத்தில் ஒரு கேஸை எடுத்துச் சொல்லும் பொறுப்பு வந்தால் மனம் பதறும், குறிப்பாக அந்த நோயாளியை நீங்களே பார்த்திருந்தால். நேர வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வந்தார், எப்போது ரத்தம் அனுப்பப்பட்டது, முடிவு எப்போது வந்தது, யார் பார்க்க வேண்டியிருந்தது, எப்போது பார்க்கப்பட்டது. ‘ஹவுஸ்மன் கவனிக்கவில்லை’ என்று எழுதினால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும், யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். ‘முடிவு 2 மணிக்கு வந்தது, 5 மணிக்குப் பார்க்கப்பட்டது, அந்த நேரத்தில் வார்டில் இருந்தவர் ஒருவர்’ என்று எழுதினால், ஆபத்தான முடிவுகளை ஆய்வகம் போனில் சொல்ல வேண்டுமா, இரவில் இன்னோர் ஆள் வேண்டுமா என்று பேச்சு போகும். அங்கே பேசியதை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். கேண்டீனிலும் வேண்டாம், லிஃப்டிலும் வேண்டாம்.

வார்டுக்குத் திரும்பி

உரை முடிந்த அன்றைக்கே எட்டாம் கட்டில் பெரியவரிடம் போங்கள். அவருடைய சீட்டை எடுத்து, கேட்டதை எம்ஓவிடம் சொல்லி, மருந்தைத் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். தொடங்கினால் அவருக்கும் மகளுக்கும் தமிழில் விளக்குங்கள்: ‘ஐயா, இது சர்க்கரையை யூரின்ல வெளியேத்துற மாத்திரை, உங்க இதயத்துக்கும் நல்லது. அந்த இடத்தைச் சுத்தமா வச்சுக்கணும், அரிப்பு வந்தா வெக்கப்படாம சொல்லணும். வாந்தி, வயித்தால போனா, சாப்பிட முடியலன்னா இதை நிறுத்திட்டு எங்களைக் கூப்பிடுங்க. விரதம் இருக்கறதா இருந்தா முன்னாடியே வந்து கேளுங்க.’ இந்த நான்கு வாக்கியத்தை உங்களால் தடுமாறாமல் சொல்ல முடிந்தால் அந்த உரை உங்களுக்குள் இறங்கிவிட்டது. தடுமாறினால் எந்த இடத்தில் தடுமாறினீர்களோ அதைத் திரும்பப் படியுங்கள்.

இன்சுலின் பற்றிய உரைக்குப் பிறகு இது இன்னும் முக்கியம். ‘ஊசி போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே தம்பி’ என்று பாட்டிமார் கேட்பதை நீங்கள் எல்லா வார்டிலும் கேட்பீர்கள். பக்கத்து வீட்டில் இன்சுலின் தொடங்கிய சில ஆண்டுகளில் டயாலிசிசுக்குப் போன ஒருவரைப் பார்த்து வந்த பயம் அது. பல வருடம் கட்டுப்படாத சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது, ஊசி தாமதமாக வந்தது என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். ரவுண்டில் அதற்கு நேரம் இருக்காது, மதியத்துக்கு மேல் ஐந்து நிமிடம் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

கடைசியாக, ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஒரு கோப்பு. உரையின் தலைப்பு, தேதி, உங்கள் கேள்வி, கிடைத்த பதில், வார்டில் என்ன மாற்றினீர்கள், புள்ளி ஏறிவிட்டதா என்பதை ஒவ்வொரு உரைக்கும் நான்கைந்து வரியில் எழுதுங்கள். நோயாளியின் பெயரோ எண்ணோ அதில் வேண்டாம். போஸ்டிங் மாறும்போது, அந்தத் துறைக்கு அடுத்து வரும் ஹவுஸ்மனுக்கு அதில் பயன்படக்கூடிய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் போங்கள். எந்தக் கிழமை உரை, எந்த அறை, வண்டியை எங்கே நிறுத்தினால் இடம் கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.